காய்ந்தால் சரியாகிவிடுமா?



சென்ற பள்ளித் தவணையில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாயார், மகனுடைய கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசி முடித்த பின்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. "சார், நீங்கள் அறிவியலும் சொல்லிக் கொடுக்கிறீர்கள். எங்கள் வீட்டு லோரியைப் பற்றி ஒன்று கேட்கலாமா?" என்றார்.

அவருடைய கணவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பழைய மூன்று டன் லோரி ஒன்றை மாதத் தவணையில் வாங்கி, சிறு தோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு மழை நாளில் மண்சடக்கின் பள்ளத்தில் பாதி டயர் அளவு தண்ணீர் ஓடியது. இறங்கிக் கடந்துவிட்டார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் பின்விளக்கு மக்கர் செய்தது. அடுத்த வாரம் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. வெயில் ஏறியதும் தானாக ஸ்டார்ட் ஆனது. பட்டறையில் புது பெட்டரி மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடி மறுபடியும் படுத்தது. ஸ்டார்ட்டரை மாற்றினார்கள். அதற்குள் இரண்டு மாதத் தவணைக்கு வைத்திருந்த பணம் கரைந்துவிட்டது.

"ஆனால் சார், காய்ந்தால் சரியாகிவிடுகிறது. அதனால்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்றார் அந்த அம்மையார்.

இந்த மாதம் இந்தப் பகுதியில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நான் போர்மேன் அல்லன். என் தகப்பனார் தோட்டத்துப் பால் லோரி ஓட்டியவர். லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தேன். மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் அறிவியல்தான்.

கித்தாத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது, லைசென்ஸ் வைத்திருந்த பலருக்குக் கைகொடுத்தது லோரிதான். ஆகவே தாய்மார்களே, இது ஆண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தவணைப் பணத்தை எண்ணி வைப்பவர் பல வீடுகளில் நீங்கள்தானே?

கிந்தா ஆறு மலையிலிருந்து இறங்கி எங்கள் தஞ்சோங் ரம்புத்தான் பக்கமாகத்தான் ஈப்போவுக்குப் போகிறது. மலையடிவாரத்து வெள்ளம் கடற்கரைச் சமவெளி வெள்ளம் மாதிரி நாள்கணக்கில் தேங்கி நிற்பதில்லை. விறுவிறுவென்று ஏறும், விறுவிறுவென்று வடியும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சடக்கில் சேறுதான் மிச்சம். லோரி தண்ணீரில் நின்றது ஐந்து நிமிடம் இருக்குமா? அந்த ஐந்து நிமிடத்தை ஓட்டுநர் அன்றிரவே மறந்துவிடுகிறார். வண்டியோ மறப்பதில்லை. கூரைவரை மூழ்கிய வண்டியை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். அடிப்பாகம் மட்டும் நனைந்த வண்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னதும் சிரிக்கிறவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். 1911-ஆம் ஆண்டு முதல் இங்கே இருக்கும் மனநல மருத்துவமனையை வைத்துத்தான் அந்தக் கேலி. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மனநல மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் என்ன செய்கிறார்? எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த நேரத்தில் அதிகம், எப்போது குறைகிறது என்று உட்கார வைத்துக் கேட்கிறார். லோரிக்கும் இதே விசாரணை வேண்டும். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் போர்மேன் பெட்டரியைத்தான் மாற்றுவார். "பன்னிரண்டு நாளுக்கு முன் பாதி டயர் தண்ணீரில் இறங்கினேன், காலையில்தான் வருகிறது, வெயிலில் போய்விடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். கெட்டிக்காரப் போர்மேன் பெட்டரிப் பக்கம் போகாமல் நேரே லோரிக்கு அடியில் படுப்பார்.

எந்த நேரத்தில் எது வரும் என்று பார்ப்போம். தண்ணீரை விட்டு ஏறிய அடுத்த நிமிடமே வரக்கூடியது பிரேக் தொல்லை. உயிரைக் குடிக்கக்கூடியதும் அதுதான். பெரும்பாலான லோரிகளில் இருப்பது டிரம் பிரேக். டிரம் என்பது மூடிய சட்டி மாதிரி. உள்ளே புகுந்த தண்ணீர் எளிதில் வெளியேறாது. லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே நீர்ப்படலம் நிற்கும். பெடலில் கால் வைத்தால் வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. ஆகவே தண்ணீரைத் தாண்டியதும் பின்னால் வாகனம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தி அழுத்தி விடுங்கள். உராய்வுச் சூட்டில் ஈரம் ஆவியாகிவிடும். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் காய்வதில்லை. அதனால் சற்று நேரம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். மறுநாளும் இழுத்தால் அது ஈரம் அல்ல. டிரம்முக்குள் மண் தங்கியிருக்கலாம், வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், ஹப்பின் ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். டிரம்மைக் கழற்றாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஈரமான பிரேக்கோடு கொண்டுவந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டி இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைப்பதும் கூடாது. லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஓட்டிக் காயவைத்து விடுங்கள். சமதரையாக இருந்தால் கியரில் போட்டு, டயருக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்தலாம். சரிவில் இந்த யோசனை வேண்டாம்.

பிரேக்கில் இன்னொரு தொல்லை மெதுவாக வருவது. பிரேக் எண்ணெய்க்குக் காற்றின் ஈரத்தையே உறிஞ்சும் குணம் உண்டு. மூடி சரியில்லாமலோ ரப்பர் உறை கிழிந்தோ இருந்தால், அழுக்கும் ஈரமும் உள்ளே போக வழி இன்னும் சுலபம். டாட் 3 என்ற வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்குகிறவர்கள் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய்க்குள் நீராவி உண்டானால் பெடல் பஞ்சாகிவிடும். கீழே வந்து ஆறியதும் மறுபடி கெட்டியாகும். "இப்போது சரியாக இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டு மறுநாளும் ஏறுவார்கள். மறுபடி அதே வாக்கியம்!

இனி அந்த அம்மையாரின் லோரிக்கு வருவோம். நம் வண்டிகளில் மின்சாரம் பெட்டரியிலிருந்து கம்பி வழியாக விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகிறது. திரும்பி வருவதோ பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான். இதை 'எர்த்' என்கிறோம். இயந்திரத்தையும் சட்டத்தையும் பெட்டரியையும் இணைக்கும் தடித்த பட்டைக் கம்பிகள் உண்டு. அவை ஒரு போல்ட்டில் முடுக்கப்பட்டிருக்கும். அந்த போல்ட் பல வண்டிகளில் அடிப்பாகத்தில், சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்திலேயே இருக்கும். ஈரம் உள்ளே போய்ப் படிப்படியாகத் துருவும் பச்சைப் பாசியும் பிடிக்கும். வெளியே பார்த்தால் கம்பி முழுசாகத் தெரியும். மின்சாரம் மட்டும் திணறும்.

விளக்குக்கு வேண்டியது கொஞ்சம் மின்சாரம். ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதனால் விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம். காலைக் குளிரில் இயந்திர எண்ணெய் சற்றுக் கெட்டியாக இருப்பதால் சுற்றுவதற்குப் பலம் அதிகம் வேண்டும். துருவேறிய இணைப்பால் அவ்வளவு கொடுக்க முடியாது. வெயில் ஏறி எண்ணெய் இளகி, ஈரமும் விலகியதும் கிடைக்கிற மின்சாரமே போதுமானதாகிவிடுகிறது. புது பெட்டரி போட்டதும் பத்து நாள் ஓடியதற்கும் காரணம் இதுதான். புது பெட்டரி இளவட்டம் மாதிரி, இறுகிய கதவைத் தோளால் இடித்துத் திறந்துவிடும். கதவு இன்னும் இறுகிய பின் அதுவும் தோற்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பேர் பார்ட்ஸ் எதுவும் வேண்டாம். சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு மீட்டர் போதும். வோல்ட் அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இயந்திரத்தின் சுத்தமான இரும்பிலும் வைத்துப் பிடியுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். இணைப்பு நன்றாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்டச் சுழியத்திலேயே நிற்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. அடுத்து, இயந்திரத்தில் வைத்த முனையைச் சட்டத்துக்கு மாற்றி அதேபோல் பாருங்கள். எந்தப் பட்டையில் கோளாறு என்பது பிடிபடும். கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, நன்றாக முடுக்கி, மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் தடவிவிட்டால் வேலை முடிந்தது. அந்த லோரியில் இருந்ததும் இயந்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெட்டுப்போன பட்டைதான். ஊரில் வயதான போர்மேன் ஒருவர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார். கழற்றிய பழைய ஸ்டார்ட்டரில் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மையார் அதை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்.

மீட்டர் இல்லாதவர்கள் மாலையில் பிள்ளையைக் கூப்பிட்டு வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்து, சிக்னலையும் போடுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறது, அல்லது சிக்னல் மினுக்கும்போது மற்ற விளக்குகளும் கூடவே துடிக்கின்றன என்று பிள்ளை சொன்னால், பல்பை மாற்றாதீர்கள். பின்விளக்கின் எர்த் கம்பிதான் போயிருக்கிறது. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாவி திருப்பும் ஒருவரும் கண்ணால் பார்க்கும் ஒருவரும் இருந்தால் இந்தப் பரிசோதனைக்குப் போதும். பரிசோதனை என்றதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும், பாருங்கள்!

புதிய லோரிகளில் சக்கரத்துக்குச் சக்கரம் ஏ.பி.எஸ். சென்சார் இருக்கிறது. தண்ணீருக்குப் பிறகு அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், சென்சார் விலையைக் கேட்டு மயங்குவதற்கு முன் அதன் கம்பி இணைப்பைக் கழற்றி, உள்ளே ஈரமோ பச்சைப் படிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாமலே நடப்பது. பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டும் ஒரு சோதனையைச் சொன்னால் சுலபமாக விளங்கும். ஒரு காலி பிளாஸ்டிக் போத்தலுக்குள் சுடுதண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, உடனே மூடியை இறுக்குங்கள். அதைப் பச்சைத் தண்ணீரில் அமுக்குங்கள். போத்தல் 'படக்' என்று உள்ளே ஒடுங்கும். உள்ளிருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கிவிட்டது. ஒடுங்க முடியாத போத்தலாக இருந்து, எங்காவது ஒரு சிறு ஓட்டையும் இருந்தால் என்ன ஆகும்? தண்ணீரை உள்ளே உறிஞ்சும்.

லோரியின் பின் அச்சுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிதான் அந்தப் போத்தல். பாரம் ஏற்றி ஓடி வந்த லோரியில் அது கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அதற்கென்றே மேலே ஒரு சிறு மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். அது மண் அடைத்துக் கிடந்தாலோ, தண்ணீருக்குள் முங்கினாலோ, அல்லது சீல் தேய்ந்திருந்தாலோ தண்ணீர் உள்ளே போய்விடும். கியர் பெட்டிக்கும் இதே கதி. அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த வாரமும் தெரியாது. தண்ணீர் கலந்த எண்ணெய் பாலூற்றிய கோப்பி நிறத்துக்கு மாறிப் பற்களையும் பேரிங்கையும் அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஊளைச் சத்தம் கேட்கும். அதற்குள் செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும்.

இதற்கும் எளிய சோதனை உண்டு. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. லோரியை இரவு முழுதும் ஆடாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஃபரன்ஷியலின் அடித்திருகைச் சற்றே தளர்த்துங்கள். ஒரு கண்ணாடிக் கிளாசில் நாலு சொட்டுப் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் வருவது அதுதான். வெளுத்த எண்ணெயாக வந்தாலும் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். கொஞ்ச நாள் ஓடிய பின் மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது. மூச்சுக்குழலைச் சுத்தம் செய்வதற்கு ஒரு காசும் இல்லை. அடைப்பை நீக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு அதே கதைதான்.

அந்தக் காலத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர் வண்டியைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு வடிகால் ஓட்டை உண்டு. ஆற்றில் இறங்குவதற்கு முன் ஒரு திருகை எடுத்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். கரையேறிய பின் மறக்காமல் கழற்றிவிட வேண்டும், உள்ளே கசியும் எண்ணெயும் நீரும் வெளியேறுவதற்கு. கிளட்ச் தட்டு நனைந்தால் வழுக்கும். நனைந்தபடியே பல நாள் நிறுத்தினால் சக்கரத்தட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு கியர் விழாது. வண்டியை உண்டாக்கியவர்களே இதற்காகத் தனித் திருகு வைத்தார்கள் என்றால் பாருங்கள்.

கிரீஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட், ஸ்பிரிங் பின் ஆகியவற்றில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால், தண்ணீரில் இறங்கிய அன்றோ மறுநாளோ புது கிரீஸ் அடியுங்கள். வெளியே பிதுங்கும் பழைய கிரீஸின் நிறத்தைக் கவனியுங்கள். செங்கல் பொடி கலந்தது மாதிரி சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் துரு தொடங்கிவிட்டது. கவனிக்காமல் விட்ட கிராஸ் ஜாயிண்ட் முதலில் குருவி மாதிரி கீச்சிடும், பிறகு கியர் மாற்றும்போது 'டொக்' என்று இடிக்கும். சக்கர பேரிங்கின் சத்தம் வேறு. அது வேகத்தோடு கூடும் உறுமல். வளைவில் திரும்பும்போது பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் பெரும்பாலும் மாறும். ஓட்டம் முடிந்ததும் ஹப்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அதைப் பிரித்தே ஆகவேண்டும்.

டீசல் டாங்கியில் தண்ணீர் போனால் வண்டி திக்கித் திக்கி ஓடும், பாரத்தில் அணையும். ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கிறது. கண்ணாடி போத்தலில் கொஞ்சம் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். தண்ணீர் தென்பட்டால் டாங்கியின் அடியையும் வடித்துவிடுங்கள்.

இயந்திரம் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டால் மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, சாவியைத் தொடாமல் இருப்பது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரில் கொட்டிய மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வட்டாரம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாத வெள்ளத்தில் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எண்ணற்ற வாகனங்கள் தண்ணீரில் கிடந்தன. 2015 டிசம்பரில் சென்னை மாநகரிலும் இதே காட்சிதான். தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு சாவியைத் திருப்பிப் பார்ப்பது மனித இயற்கை. சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை நசுக்க முடியாது, தண்ணீர் சுருங்காது. இணைப்புத் தண்டுதான் வளையும். முதலில் காற்று ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் வண்டியைக் கயிறு கட்டித் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் மற்றது.

வெள்ளமே வராத தோட்டத்திலும் அடிப்பாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் வேகக் குழாய் பிடித்துக் கழுவும் நம் பிள்ளைகள்தான். மழைக்கும் குட்டைக்கும் தாங்கும் சீல்கள் அந்த வேகத்துக்குத் தாங்காது. ஹப், கிராஸ் ஜாயிண்ட், கம்பி இணைப்புகள், மூச்சுக்குழல் ஆகிய இடங்களில் நேராக அடிக்காமல் சற்றுத் தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். பின்விளக்கு மக்கர் செய்வது எப்போதும் கழுவிய மறுநாளா என்று யோசித்துப் பாருங்கள்.

கழுவவே கூடாது என்று சொல்லவில்லை. உரம் ஏற்றிய லோரியை அன்றே கழுவ வேண்டும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஓர் உப்பு. அது சட்டத்தின் இடுக்கில் தங்கி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரும்பைத் தின்னும். கித்தாப் பால் ஏற்றுகிறவர்களுக்கு வேறொரு சங்கடம். பால் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கம்பி முனைகளில் பச்சை படிவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. லூமுட் பக்கம் மீன் ஏற்றப் போகிறவர்கள் உப்புத் தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவர்கள் பட்டிருப்பார்கள்.

லோரியின் டாஷ்போர்டில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கிய தேதி, எந்த அளவு (டயரில் பாதியா, ஹப் மூழ்கியதா), ஓடும் தண்ணீரா தேங்கியதா, பாரத்தோடா வெறுமனேயா, பிறகு என்ன செய்தீர்கள், எந்த நாளில் என்ன சத்தம். நான்கு வரி போதும். உங்கள் கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதற்கு நான் மதிப்பெண் போடப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரக்கு வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது பிரேக்கும் விளக்கும்தான் பலரைக் கவிழ்க்கின்றன. நோட்டு இருந்தால் எதை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

பழைய லோரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளத்தில் கிடந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் உண்டு. சீட் பெல்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள், வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக்கறைக் கோடு இருக்கும். பின்விளக்கின் கண்ணாடிக்குள், ஃபியூஸ் பெட்டிக்குள், இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் மண் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடங்களை யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 'கொம்பிரிஹென்சிவ்' எடுத்திருந்தாலும் அதில் வெள்ளச் சேதம் தானாக அடங்குவதில்லை. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு, அதற்குத் தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. தாமான் ஸ்ரீ மூடாவில் எல்லாம் நடந்த பிறகு பாலிசியை எடுத்துப் பார்த்தவர்களின் நிலை உங்களுக்கு வரவேண்டாம். அடுத்த முறை ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் புதுப்பிக்கப் போகும்போது அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதிக் கணவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.